பிடிக்கத் தெரிந்த கை

ஹெலனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை மூடினாலும், எதைச் செருகினாலும், கடைசியில் லேசாக ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டு ஓர் இழுப்பு. செல்போன் சார்ஜரைச் சுவரில் செருகிவிட்டு ஓர் இழுப்பு. வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான், அதை விட்டுவிடலாம். ஆனால் மகள் ஜெபாவுக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டியதும் சடையைப் பிடித்து இழுப்பாளே, அதற்கு அந்தப் பெண் பள்ளிக்கூட நாளெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போனது. இப்போது ஜெபா திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். தன் சடையைத் தானே பின்னிக்கொள்கிறாள்.

பழக்கம் கம்பெனியில் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஹெலன் வேலை செய்கிறாள். அப்பா அம்மா எளாவூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் மட்டும் பத்தொன்பது வயதில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். இன்றைக்கு நாற்பதைத் தாண்டியும் அதே பஸ்தான், அதே ஜன்னலோர சீட்டுதான். வேலை என்னவென்றால், ஒயரின் நுனியில் இருக்கும் குட்டிப் பித்தளை முனையைப் பிளாஸ்டிக் கூட்டின் ஓட்டைக்குள் தள்ள வேண்டும். 'கிளிக்' என்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் மட்டும் போதாது, லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வராவிட்டால் அது உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தள்ளு, கேளு, இழு. நாளெல்லாம் இதுதான்.

இதைக் கேட்டவர்கள் சிலர் உச்சுக்கொட்டுவார்கள். ஒரே வேலையை எப்படித்தான் மூச்சு முட்டாமல் செய்கிறாயோ என்று பரிதாபப்படுவார்கள். ஹெலனுக்கு அந்தப் பரிதாபத்தைக் கண்டால் ஆகாது. "நெஞ்சு அடிச்சதையேதான் அடிச்சிக்கினு கீது. அதுங்கிட்ட போய் கேளேன், போரடிக்குதான்னு" என்பாள். ஜபமாலையை உருட்டுகிறோம், அருள் நிறைந்த மரியே என்று சொன்னதையேதான் சொல்கிறோம். மாதா என்றைக்காவது சலித்துக்கொண்டாளா? தினமும் சோறுதான் வடிக்கிறோம். செய்ததையே செய்கிறவர்களால்தான் இந்த உலகத்தில் கார் ஓடுகிறது, சோறு வேகிறது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் எனக்கும் சம்மதம்தான்.

அவள் புருஷன் அந்தோணியும் ஒருவகையில் அதே கட்சிக்காரன். வேறொரு கம்பெனியின் குடோனில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்ததும் மாதா கோயில் மைதானத்தில் வாலிபால். ஊர் டீமில் வலைக்குப் பக்கத்தில் நின்று, பின்னாலிருந்து வருகிற பந்தை விரல்நுனியில் வாங்கி, அடிக்கிறவனுக்குத் தூக்கிக் கொடுக்கும் ஆள் அவன். அடிக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், தூக்கிக் கொடுப்பவனை யாரும் பார்க்க மாட்டார்கள். அது அவனுக்கு ஒத்துப்போயிற்று. மேட்ச் இல்லாத நாளில் கோயில் பின்சுவரில் தனியாகப் பந்தை எறிந்து வாங்கிக்கொண்டிருப்பான். எத்தனை தடவை என்று அவன் எண்ணியதே இல்லை. பந்து விரலை விட்டுப் போகிற விதம் பிடித்திருந்தால் வீட்டுக்கு வருவான், இல்லாவிட்டால் ஹெலன் போய்க் கூப்பிட வேண்டும்.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு நடந்த விளையாட்டில், பந்து அவன் தலைக்கு மேலே அழகாக வந்தது. இடது கை மட்டும் மேலே போனது. வலது கை போகவில்லை. பந்து அவன் நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது. டீம் முழுக்கச் சிரித்தது. அந்தோணியும் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒரு பக்கம் கோணியது. அவனுடைய நெருங்கிய சிநேகிதன் குப்புராஜ்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். ஆம்புலன்சுக்கு போன் போட்டதும் அவன்தான், ஆஸ்பத்திரியில் ஹெலன் வந்து சேரும்வரை அந்தோணியின் தலைமாட்டில் நின்றதும் அவன்தான்.

சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள், பிழைத்துக்கொண்டார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பேச்சு திரும்பியது, கொஞ்சம் குழறலோடு. கால் திரும்பியது, கொஞ்சம் இழுத்துக்கொண்டு. வலது கைதான் தகராறு செய்தது. அது பிடிக்கும், விடாது. டம்ளரைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; குடித்து முடித்த பிறகு ஹெலன் வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை மீட்க வேண்டும். பங்குத்தந்தை பார்க்க வந்தவர் ஜெபம் பண்ணிவிட்டுக் கை கொடுத்தார். அந்தோணியின் கை அதைப் பற்றிக்கொண்டு விட மறுத்தது. ஃபாதர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கண்ணை மூடி இன்னொரு ஜெபமும் சொன்னார். அவர் போன பிறகு ஹெலனும் அந்தோணியும் வெகுநேரம் சிரித்தார்கள். அப்புறம் அந்தோணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் எதற்காகத் திரும்பிப் படுத்தான் என்று ஹெலனுக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்டின் நெம்புகோலைப் பிடித்தால் மட்டும் ஆகாது. சரியான நேரத்தில் விட வேண்டும். விடத் தெரியாத கையை எந்தக் குடோனில் ஏற்றுவார்கள்? பந்தைப் பற்றிய பேச்சையோ வீட்டில் யாரும் எடுக்கவே இல்லை.

அரசாங்கத்தில் வீட்டுக்கே அனுப்புகிற பிசியோதெரபி பெண் ஒருத்தி, பெயர் கல்பனா, திருவள்ளூர்க்காரி, சில வாரங்களுக்கு ஒருமுறை வருவாள். சின்ன வயது, பொறுமையான குரல். அவள் ஒரு தட்டில் சோடா மூடிகளைப் பரப்பினாள். பக்கத்தில் ஒரு காலி பிஸ்கட் டின்னை வைத்தாள். "அண்ணா, ஒரு மூடிய எடுங்க. டின்னுக்கு மேல கொண்டுபோங்க. டின்ன தொடக்கூடாது. அந்தரத்துலயே விரல தெறந்து மூடிய கீழ போடுங்க. அவ்ளோதான். திரும்பத் திரும்ப செய்யணும். மூளையில பழைய வழி அடைபட்டுப் போச்சு, புது வழி போடுறோம். மொதல் சில மாசத்துலதான் சீக்கிரம் வரும். அப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவாதான் வரும். இந்த நாளுங்கள வீணாக்கிடாதீங்க."

கல்பனா இவ்வளவு சொன்னாள். ஹெலனின் காதில் விழுந்தது 'திரும்பத் திரும்ப' மட்டும்தான். திரும்பத் திரும்பச் செய்வதா? அந்த வேலையை யாரிடம் சொல்கிறாய் பெண்ணே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வீடு கம்பெனி ஆயிற்று. முன்னறையில் கட்டிலோரம் அந்தோணி, தட்டு, டின். சமையலறையில் ஹெலன். காலையில் நாஷ்டா செய்துகொண்டே, சாயங்காலம் குழம்பு கூட்டிக்கொண்டே, டின்னில் மூடி விழும் 'டங்' சத்தத்தை அவள் எண்ணினாள். கம்பெனி லைனில் தலைக்கு மேல் ஒரு போர்டு தொங்கும். இந்த மணிநேரத்துக்கு இவ்வளவு முடிக்க வேண்டும் என்று அதில் எண் ஓடும். வீட்டில் அந்தப் போர்டு ஹெலனின் வாய்தான். "நேத்து சாயங்காலம் இதுக்கு மேல போட்டியே, இன்னிக்கு இன்னா தூங்கினுகீற?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். கொஞ்ச நேரத்தில் 'டங்', 'டங்' என்று வேகம் பிடிக்கும். அவளுக்குக் காது குளிரும்.

நாள் போகப்போக எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஹெலனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னாள், ஜெபாவுக்கு போனில் சொன்னாள், கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி மாதாவிடமும் கணக்கு ஒப்பித்தாள். சாப்பாட்டுத் தட்டை அவன் முன்னால் வைக்கும்போது, "இந்த ஸ்பீடுல போனா நீ வைகாசிக்கு வண்டி ஓட்டுவ" என்பாள். அந்தோணி தலையை ஆட்டுவான். டம்ளரை மட்டும் இன்னமும் அவள்தான் விரலைப் பிரித்து வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்கள் அவ்வளவு வேகமானவை. பிரிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்பனா அடுத்த முறை வந்தபோது ஹெலன் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். "மேடம், நீங்களே ஆச்சரியப்படுவீங்க பாருங்க" என்று உள்ளே அழைத்துப்போனாள். அந்தோணி மூடியை எடுத்தான். கல்பனா எதிரே குனிந்து உட்கார்ந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று விழுந்தன. பிறகு அவள் டின்னை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன் உள்ளங்கையை நீட்டினாள். "இப்ப என் கைமேல போடுங்கண்ணா."

அந்தோணியின் கை வந்தது. உள்ளங்கைக்கு மேலே வந்து நின்றது. தோள் காதுவரை ஏறியது, முழங்கை வெளியே துருத்தியது, கழுத்து நரம்பு புடைத்தது. விரல் திறக்கவில்லை. மூடி உள்ளேயே இருந்தது.

"டின்னோட விளிம்புல தேய்ச்சுதானே தள்ளினீங்க?" என்று கல்பனா மெதுவாகக் கேட்டாள். அவள் ஹெலனைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, மூளைக்கு இது சரி, இது தப்புன்னு தெரியாது. எதை அதிகமா செய்றோமோ அதுக்கு ரோடு போட்டுடும். அண்ணன் கை இத்தன நாளா விரல தெறக்க கத்துக்கல. தோள தூக்கி விளிம்புல இழுக்கத்தான் கத்துக்கிச்சு. இனிமே மொதல்ல அத மறக்கணும், அப்புறம்தான் இது."

சத்தத்தை மட்டும் நம்பாதே, இழுத்துப் பார் என்று லைனுக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் சொல்கிறவள் ஹெலன். தண்ணீர் பாட்டிலைக்கூட இழுத்துப் பார்க்கிறவள். அவள், தன் புருஷன் கையை ஒருநாள்கூட அடுப்படியைவிட்டு வந்து பார்க்கவில்லை. 'டங்' என்றதும் திருப்தியாகக் குழம்பைக் கிண்டியிருக்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததும் இப்போதுதான் உறைத்தது.

கல்பனா போன பிறகு வெடித்தாள். "இன்னாத்துக்கு என்னை ஏமாத்தின? நான் லூசா? ஊருல கீறவங்க அத்தினி பேருகிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேனே!"

அந்தோணி குழறலோடு சொன்னான். "மொதல் நாளு ஒண்ணுகூட உழல. நீ அடுப்பாண்ட நின்னுக்கினு காத்துனு இருந்த. ஒண்ணு தேய்ச்சு போட்டேன். நீ பாட்டு பாடின."

"பாட்டா?"

"கோயில் பாட்டு. ஜெபா அப்பாவுக்கு ஸ்ட்ரோக்கு வந்ததுலர்ந்து நீ பாடவே இல்ல. அன்னிக்கு பாடின. அப்பால நான் எப்டி நிறுத்துறது?"

தன்னையே மூன்றாம் ஆள் போல ஜெபா அப்பா என்று சொல்லிக்கொள்வது அவன் வழக்கம். ஹெலனுக்கு அந்த நேரத்தில் அதற்கும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒன்றையும் காட்டாமல் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்.

அந்தோணி அன்றோடு நிறுத்திவிட்டான். டின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. இனிமேல் இந்தக் கை இவ்வளவுதான், இடது கையால் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பார்த்தும் கொண்டான், இடது கையால் சாப்பிட்டான், இடது கையால் சட்டை மாட்டினான். வலது கை மடியில் மூடிக் கிடந்தது. நாள் ஓடியது. இந்த நாட்களை வீணாக்காதீர்கள் என்று கல்பனா சொன்னது ஹெலனுக்கு லைனில் நிற்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும் கைநழுவுகிறது என்று தெரிந்தும் அவனிடம் வாயைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வாயால் கெடுத்தது போதாதா?

குப்புராஜும் ஹெலன் போகிற அதே பஸ்ஸில்தான் சிப்காட்டுக்குப் போகிறவன். ஒருநாள் பஸ்ஸில் ஹெலன் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினாள். அன்று சாயங்காலமே அவன் வந்துவிட்டான். ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள், எடுத்ததும் நைனா என்பான். ஹெலனைத் தங்கச்சி என்பான், அந்தோணியை மச்சான் என்பான், கோபம் வந்தால் இரண்டுபேரையும் வாடா போடா என்பான்.

"இன்னா மச்சான், டின்ன ஏமாத்தினியாமே?"

"உடுடா."

"உடமாட்டேன். நைனா, பந்து உன் கையில ரெண்டு வாட்டி பட்டா ஃபவுலு, அம்பயரு பாக்கலன்னாகூட நீயே கையத் தூக்குவ. 'ஆமா, ரெண்டு வாட்டி பட்டுச்சி'ன்னு சொல்லுவ. நாம தோத்துப்புட்டு உன்னைத் திட்டிக்கினே ஊட்டுக்கு வருவோம். அந்த ஆளு ஒரு தகர டின்னுகிட்ட போய் ஃபிராடு பண்ணிகீறான். எனக்கே வெக்கமா கீது."

அந்தோணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு கண் கலங்கியது. "எண்ணினா பந்த பாக்க முடியாதுடா" என்றான். "அவ எண்ணிக்கினே இருந்தா. நானும் எண்ண ஆரம்பிச்சிட்டேன். கைய பாக்கல."

ஹெலன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பங்குக் குற்றம் எது என்று யாரும் விரல் நீட்டிச் சொல்லாமலே அவளுக்கு விளங்கியது. கட்டிலுக்கு அடியில் குனிந்து டின்னை எடுத்தாள். அதைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர்க்காரனுக்காக வைத்திருந்த மூட்டையில் போட்டாள். "டின்னு வாணாம். தட்டும் வாணாம். என் கையில போடு. போட முடியலன்னா போடாத. நான் எண்ண மாட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அது லேசான வேலையாக இல்லை. தினமும் கொஞ்ச நேரம் எதிரே உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவாள். அவன் மூடியைக் கொண்டுவந்து மேலே நிறுத்துவான். தோள் ஏறினால் அவள் "தோளு" என்பாள், அவன் இறக்குவான். திறக்க முயல்வான். ஒன்றும் நடக்காது. பந்து விளையாடுகிறவன் ஒரு தப்பான வீச்சைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி முதலிலிருந்து நிற்பானே, அப்படி மறுபடி நிறுத்துவான். சத்தம் இல்லை, எண் இல்லை, காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஹெலனின் விரல்களுக்குத்தான் பொறுக்கவில்லை. எட்டிப்போய் அந்த விரல்களைப் பிரித்துவிட வேண்டும் என்று அவை துடித்தன. சில நாள் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் வேகமாகச் செய்து பேர் வாங்கிய கைக்கு, சும்மா இருக்கிற வேலையைக் கற்றுக்கொடுப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டம்ளரைப் பிரித்து வாங்குவதையும் நிறுத்தினாள். அவனாக விடும்வரை டம்ளர் அவன் கையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். சில நாள் டம்ளரோடு கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் டிவி பார்த்தான். அசந்து தூங்கும்போது அது தானாக நழுவி விழும். விழித்திருக்கும்போது விழவே இல்லை. கல்பனா வந்து பார்த்துவிட்டு, தோள் இறங்கியிருக்கிறது, நல்லது, தொடருங்கள் என்றாள். விரலைப் பற்றி அவளும் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு ஹெலன் ஜபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் சும்மா உருட்டினாள்.

அப்புறம் ஒரு காலை. ஹெலன் இட்லியை மூடிவைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பில் காலை நுழைக்கப் போனாள். பஸ் வருகிற நேரம். அந்தோணி கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை வலது கையால் போட முயன்றுகொண்டிருந்தான். பொத்தான் ஓட்டையைத் தாண்டித் தாண்டிப் போனது. போகிற போக்கில் ஹெலனின் கை தானாக நீண்டு அவன் பொத்தானைப் பிடித்தது. யோசித்துச் செய்ததில்லை, அந்தக் கை எதையும் யோசித்துச் செய்ததில்லை.

"உடு. நான் போட்டுக்குறேன்" என்று அந்தோணி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தான். வலது கையால் பிடித்தான்.

பிடித்த பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவன் விட முயன்றான். முடியவில்லை. விரல்கள் இன்னும் இறுகின. ஹெலனின் இடது கை பழக்கத்தில் உடனே எழுந்து வந்து அவன் சுண்டுவிரலைத் தொட்டது.

"தொடாத" என்றான்.

அவள் கையை எடுத்துப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். அவனும் தன் இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டான். இழுத்தால் வந்துவிடும், அவளுக்கு அவ்வளவு பலம் உண்டு, அவனுக்கு அவ்வளவு பலம் இல்லை. அவள் இழுக்கவில்லை. தேய்த்துத் தள்ள இங்கே விளிம்பும் இல்லை.

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. குப்புராஜ் வாசலில் வந்து எட்டிப்பார்த்தான். "தங்கச்சி, பஸ்ஸு வந்துட்ச்சி, இன்னா பண்ணிக்கினு..." என்றவன், அந்தோணி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். "அட நைனா! காலங்காத்தால இன்னா மச்சான் ரொமான்ஸு? கம்பெனிக்கு நேரமாவுது, கைய உடு."

"அத்தத்தாண்டா பண்ணிக்கினுகீறேன்" என்றான் அந்தோணி.

குப்புராஜின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. ஹெலன் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "அண்ணே, பஸ்ஸ போவச் சொல்லு."

லீவு சொன்ன நாளைத் தவிர, இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸை அவள் விட்டதில்லை. ஜெபாவுக்கு அம்மை போட்டபோதுகூட மாமியாரை உட்கார வைத்துவிட்டு ஏறியவள். குப்புராஜ் தெருமுனைக்கு ஓடினான். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவனும் ஏறவில்லை, திரும்பி வந்து, உள்ளே வராமல், வாசற்படிக்கு வெளியிலேயே முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அந்தோணியின் தோள் ஏறியது. "தோளு" என்றாள் ஹெலன். இறங்கியது. அவன் மூச்சை விட்டான். அவள் மணிக்கட்டில் அவன் விரல்களின் அழுத்தம் ஏறுவதும் தளர்வதும் அவளுக்குத் தெரிந்தது. அவள் எதையும் எண்ணவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். விரல் கணுக்களில் முளைத்திருந்த நரைமுடியை இத்தனை நாளில் இன்றைக்குத்தான் பார்த்தாள். மறுபடி தோள் ஏறியது, மறுபடி இறக்கினான். மறுபடி. மறுபடி. அடுப்பில் வைத்திருந்த வெந்நீர் கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது, இரண்டு பேரும் நகரவில்லை. குப்புராஜ்தான் பின்வாசல் வழியாகப் போய் கேஸை மூடிவிட்டு வந்தான்.

ஆள்காட்டி விரல் முதலில் அசைந்தது. மேலே எழுந்து, பயந்தது போல மறுபடி படிந்தது. விரல் மறுபடி எழுந்தது. அதன் பின்னாலேயே நடுவிரல், அப்புறம் மற்றவை, கோணலாக, நடுங்கிக்கொண்டு, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு விரிந்தன. ஹெலனின் மணிக்கட்டுக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவில் காற்று புகுந்தது.

"உட்டுட்டேன் பாரு" என்றான் அந்தோணி. அவன் குரல் சின்னப் பையன் குரல் போல இருந்தது. "ஹெலனு, உட்டுட்டேன். போ."

ஹெலன் போகவில்லை. கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் இந்தக் கையை அவள் கையில் பிடித்துக்கொடுத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, சிவந்திருந்த மணிக்கட்டை மறுபடி அவனிடம் நீட்டினாள்.

"இன்னொரு வாட்டி புடி" என்றாள்.